நீல ஃபெஸ்கியூ புல் நடுவில் ஏன் காய்கிறது? உங்களிடம் இருப்பது எந்த இனம்?

கேள்வி இதுதான். டொரோண்டோவுக்கு மேற்கே பிராம்ப்டனில், புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடு. மூன்று வருடத்துக்கு முன் முன்வாசல் பாதை ஓரமாக வரிசையாக நீலப் புல் நட்டிருக்கிறார்கள். சட்டியில் செருகியிருந்த சீட்டில் 'நீல ஃபெஸ்கியூ' என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. முதல் இரண்டு கோடையும் உருண்டையாக, நல்ல நீலமாக, பார்த்தவர்கள் நின்று விசாரிக்கும்படி இருந்தது. இந்த வசந்தத்தில் ஒவ்வொரு தூரும் நடுவில் வழுக்கை விழுந்து, ஓரத்தில் மட்டும் முடி மிச்சமிருப்பதுபோல் நிற்கிறது. பக்கத்து வீட்டில் அதே நிறத்தில் ஒரு புல், இதைவிட இரண்டு மடங்கு உயரம், எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. நம்முடையது எந்த இனம், ஏன் காய்கிறது, ஒட்ட வெட்டிவிடலாமா, விதை எடுத்து வளர்க்கலாமா, ஊருக்குக் கொண்டுபோனால் வருமா?

நோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இது வயதுதான். நீல ஃபெஸ்கியூ ஆயுள் குறைந்த புல். நல்ல நிலத்தில்கூட இரண்டு, மூன்று வருடத்தில் நடுத்தூர் காய ஆரம்பிக்கும். தோண்டி எடுத்து, ஓரத்தில் உயிரோடு இருக்கும் சிம்புகளை (அடியிலிருந்து கிளைக்கும் குருத்துகளை) மட்டும் பிரித்து நட்டால் அதே புல் மறுபடி இளசாகிவிடும். உங்கள் பகுதிக் களிமண்ணும் இதில் கொஞ்சம் கை வைத்திருக்கும், அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கையில் இருப்பது ஃபெஸ்கியூதானா என்று பார்த்துவிடுங்கள். நர்சரிகளில் நீலப் புல் என்று விற்பவற்றில் சில அடிக்கடி பிரித்து நட வேண்டியவை, சில பல வருடம் தொடாமல் விட வேண்டியவை, ஒன்று வீட்டுத் தோட்டத்தில் நடவே கூடாதது.

சீட்டை நம்பிப் பயனில்லை. ஃபெஸ்கியூவின் தாவரவியல் பெயர் ஃபெஸ்டூகா. அது பெரிய பேரினம்; உலகம் முழுக்க 400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. புத்தகப்படி நீல ஃபெஸ்கியூ என்றால் ஃபெஸ்டூகா கிளாக்கா. தெற்கு பிரான்சின் பாறைச் சரிவுகளைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டொமினிக் வில்லார் இதற்குப் பெயர் வைத்தார். அதே ஆள் ஃபெஸ்டூகா சினேரியா என்று இன்னொரு நீலச்சாம்பல் புல்லுக்கும் பெயர் வைத்தார். இந்த இரண்டும், மத்திய ஐரோப்பாவின் ஃபெஸ்டூகா பாலென்ஸும், ஆட்டு ஃபெஸ்கியூ எனப்படும் ஃபெஸ்டூகா ஒவினாவின் நீல வகைகளும் நர்சரி வியாபாரத்தில் ஒன்றோடொன்று கலந்து, ஒரே பெயரில் பல பத்தாண்டுகளாகப் புழங்கி வருகின்றன. ஒரே ரகத்தையே ஒரு பட்டியலில் கிளாக்கா என்றும், இன்னொன்றில் ஒவினா என்றும், மூன்றாவதில் சினேரியா என்றும் பார்க்கலாம். நல்ல வேளையாக, இவை நான்கையும் வளர்க்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 'இது கிளாக்காவா, சினேரியாவா' என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது, இது அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது.

அதற்கு விரல்களே போதும். வெயில் நேரத்தில், செடி காய்ந்திருக்கும்போது, ஓர் இலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் போய்ப் பச்சை தெரியும். அந்த நீலம் இலையின் உள்ளே இருக்கும் சாயம் அல்ல, மேலே பூத்திருக்கும் மெழுகு. இந்தச் சோதனை மற்ற நீலப் புற்களுக்கும் பொருந்தும் என்பதால் இது மட்டும் போதாது. அதே இலையை இப்போது இரண்டு விரலுக்கிடையே உருட்டுங்கள். ஃபெஸ்கியூ என்றால் ஊசிபோல் உருளும், தட்டையாக வழுக்காது. இலை நீளவாக்கில் இறுக மடிந்து, ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனில் கம்பிபோல் இருக்கும். நகத்தால் பிரித்தால் உள்பக்கம் திறக்கும். இலைத்துளைகள் பெரும்பாலும் அந்த உள்பக்கத்தில்தான் இருக்கின்றன. காற்றும் வெயிலும் நேரடியாகப் படாத இடம். பாறை மேல் வாழும் புல் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி அது.

அடுத்தது அடிப்பகுதி. தூரின் ஓரத்தில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். புதுச் சிம்புகள் பழைய இலையுறைக்குள்ளிருந்தே (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) நேராக மேலே வந்து, எல்லாம் நெருக்கமாக ஒரே குத்தாக இருந்தால் அது ஆட்டு ஃபெஸ்கியூ, கிளாக்கா கூட்டம். சிம்புகள் உறையைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் போய், மண்ணுக்கடியில் மெல்லிய தண்டு ஓடி, சற்றுத் தள்ளித் தலைநீட்டினால் அது சிவப்பு ஃபெஸ்கியூவான ஃபெஸ்டூகா ரூப்ரா. அதிலும் நீல ரகங்கள் விற்கிறார்கள். இளம் சிம்பின் உறையைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். ரூப்ராவில் அது மூடிய குழாய்; கிளாக்கா கூட்டத்தில் பெரும்பகுதி பிளந்து, ஒரு விளிம்பு இன்னொன்றின் மேல் படிந்திருக்கும். ரூப்ரா மெதுவாகப் படர்ந்து விரிப்பாகும் என்பதால் உருண்டை வடிவம் எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு ஏமாற்றம், சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க நினைப்பவர்களுக்கு லாபம். சாலை உப்பையும் ரூப்ரா நன்றாகத் தாங்கும். பனிக்காலத்தில் உப்பு தூவுகிற நடைபாதை ஓரத்துக்கு அதுதான் என் முதல் தேர்வு.

ஜூனில் கதிர் வந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஃபெஸ்கியூ கதிர் ஒல்லியாக, இலைக்கு மேல் பத்து, இருபது சென்டிமீட்டர் நீட்டி நிற்கும். முதலில் நீலம் கலந்த பச்சை, ஜூலையில் வைக்கோல் நிறம். ஒவ்வொரு சிறுகதிரும் பக்கவாட்டில் நசுங்கியது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானது, உள்ளே சில பூக்கள். பூவை மூடும் உமியின் முதுகு வளைவாக இருக்கும். நுனியிலிருந்து நெல்லில் வருவதுபோல ஒரு குட்டி வால் நேராக நீட்டியிருக்கும். வால் எங்கே முளைக்கிறது என்பதைக் கவனித்து வையுங்கள், பக்கத்து வீட்டுப் புல்லுக்கு அது தேவைப்படும்.

இதற்கு மேல் இனம் பிரிக்க ஆசை இருந்தால் சவர பிளேடும் ஒரு சாதாரண நுண்ணோக்கியும் வேண்டும். இலையைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டிப் பார்த்தால், உறுதி தரும் நார்த்திசு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியும். கிளாக்காவிலும் பாலென்ஸிலும் அது தோலுக்கடியில் ஏறக்குறைய தொடர்ச்சியான வளையம். ஃபெஸ்டூகா வாலேசியாக்கா என்ற இன்னொரு ஃபெஸ்கியூவில் மூன்று தடித்த கற்றைகள்: நடுநரம்புக்கடியில் ஒன்று, இரண்டு விளிம்பிலும் ஒவ்வொன்று. ரூப்ராவில் சின்னச் சின்னக் கற்றைகள் பல. இந்த வழியை ஐரோப்பிய ஃபெஸ்கியூக்களுக்கு முறையாகப் பயன்படுத்தியவர் ஆஸ்திரியாவின் எடுவார்ட் ஹாக்கெல். பள்ளி ஆசிரியர், 1882இல் அவர் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பிறகு ஃபெஸ்கியூ வகைப்பாடு என்றாலே இலைச் சீவல் என்றாகிவிட்டது. வெளியே பார்த்துத் தீர்க்க முடியாத வழக்கு இது என்பது ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். நர்சரிக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

இனி பக்கத்து வீட்டுப் புல். நீங்கள் சொல்லும் உயரத்தைப் பார்த்தால் அது ஃபெஸ்கியூவே இல்லை, நீல ஓட் புல்லாக இருக்க வேண்டும்: ஹெலிக்டோட்ரைக்கான் செம்பர்வைரன்ஸ். இலைக்குத்து மட்டும் 60 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், கதிரோடு ஒரு மீட்டரைத் தாண்டும். இலை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலம். விறைப்பாகக் கிளம்பி எல்லாப் பக்கமும் வளையும். கதிரில் சிறுகதிர்கள் பெரியவை. உமியின் வால் நுனியிலிருந்து வராமல் முதுகிலிருந்து கிளம்பி, நடுவில் முழங்கை மடக்கியதுபோல வளைந்திருக்கும். அந்த ஒரு வளைவைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். இது ஃபெஸ்கியூவைவிட நெடுநாள் வாழும். நடுவில் காய்வதும் மெதுவாகத்தான். பிரித்து நடும் வேலை பிடிக்காதவர்கள் இடம் இருந்தால் இதை வைத்துக்கொள்வதே மேல்; தூருக்குத் தூர் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட வேண்டும்.

குழப்பும் மற்றவை கொஞ்சம்தான். கோலேரியா கிளாக்கா உருவத்தில் ஃபெஸ்கியூ அளவுதான், ஆனால் இலை தட்டை, கதிர் கிளை விரியாமல் உருளையாக அடைந்திருக்கும், தூரின் அடி சற்று வீங்கியிருக்கும். செஸ்லேரியா கேருலியாவில் இலையின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கரும்பச்சை. வசந்தம் தொடங்கியதுமே பூத்துவிடும். காரெக்ஸ் ஃபிளாக்கா புல்லே அல்ல, கோரை இனம். பூத்தண்டை உருட்டினால் மூன்று முனை தட்டுப்படும். நடவே கூடாதது என்று சொன்னேனே, அது நீல லைம் புல், லேமஸ் அரேனாரியஸ். நிறம் அபாரமாக இருக்கும், இலை விரல் அகலம். கடற்கரை மணலைக் கட்டி நிறுத்துவதற்காகவே இயற்கை படைத்த நிலத்தடித் தண்டு அதற்கு உண்டு. வீட்டு முன் நட்டால் சில வருடத்தில் புல்தரை, பாதையின் இடுக்கு, பக்கத்து வீடு என்று எல்லாவற்றிலும் தலைகாட்டும். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

சரி, உங்களுடையது ஃபெஸ்கியூதான் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் புல் என்ன கேட்கிறது என்பது அதன் இலையிலேயே தெரிகிறது. மெழுகுப் பூச்சும் இறுக மடிந்த இலையும் வெயில் அதிகம், தண்ணீர் குறைவு, சத்தும் குறைவு என்ற இடத்துக்கான ஏற்பாடு. அந்த இடத்தைக் கொடுத்தால்தான் நீலம் நிற்கும். நிழலில் வைத்தால் மெழுகு குறைந்து பச்சை கூடும், இலை நீண்டு சாயும். உரம் போட்டாலும் அதேதான். புல்தரைக்குத் தூவும் நைட்ரஜன் உரம் ஓரத்தில் சிந்தினால்கூட அந்தத் தூர்கள் மட்டும் பச்சையாகப் பருத்துப் படுத்துவிடுவதைப் பார்க்கலாம். இதற்கு உரமே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் இதை நடுவதும் வீண்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இது குளிர்பருவப் புல். வளர்ச்சி ஏப்ரல், மே, ஜூனில். பிறகு செப்டம்பர், அக்டோபரில். ஜூலை, ஆகஸ்ட் வெக்கையில் ஏறக்குறைய தூங்கிவிடும். அப்போது இலை நுனி பழுத்து, நிறம் மங்கித்தான் இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அந்த நேரத்தில் தினமும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். சூடும் ஈரமும் சேர்ந்தால் தூரின் கழுத்து அழுகும். புல்தரைக்கு வைத்த தானியங்கித் தெளிப்பான் இதன் மேலும் விழுந்தால் திசையை மாற்றி வையுங்கள். புதிதாக நட்ட முதல் வருடம் மண் காய்ந்ததும் ஆழமாக ஒரு தடவை, அதற்குப் பிறகு நீண்ட வறட்சியில் எப்போதாவது. அவ்வளவு போதும்.

தெற்கு ஒண்டாரியோ குளிர் இதைக் கொல்லாது. மைனஸ் 25, 30 டிகிரி வரை தாங்கும் புல். கொல்வது ஈரம். பிராம்ப்டன், மிசிசாகா, மார்க்கம் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் கட்டுமானத்துக்காக மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனரக வண்டிகள் ஓடி இறுகிய களிமண்ணின் மேல் ஒரு சாண் அளவுக்கு மண் பரப்பிப் புல்தரை விரித்துவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் தூரின் அடியிலேயே நிற்கும். இரவில் உறையும், பகலில் உருகும். மூன்று வருடம் வாழ்ந்திருக்க வேண்டியது இரண்டே வருடத்தில் வழுக்கையாவது இப்படித்தான். இதற்குப் பலரும் செய்வது, களிமண்ணில் குழி தோண்டி அதில் மணலைக் கொட்டி நடுவது. அது இன்னும் மோசம். சுற்றிலும் உள்ள தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குத்தான் வந்து சேரும். குழிக்குப் பதில் மேடு போடுங்கள். மண்ணோடு பொடிச்சரளையைக் கலந்து 15, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீளமான பாத்தி எழுப்பி, அதன் மேல் நட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மேலே மூடாக்காக மரப்பட்டைச் சீவலைப் போட்டிருக்கிறீர்களா? சிவப்புச் சாயமோ கறுப்புச் சாயமோ போட்டு மூட்டையில் விற்பார்களே, அதுதான். பெரும்பாலான வீடுகளில் அது தூரின் கழுத்துவரை ஏறி மூடியிருக்கும், எப்போதும் ஈரம். அதை வாரி எடுத்துவிட்டு, தூரைச் சுற்றிச் சரளைக்கல் இரண்டு விரற்கடை பரப்புங்கள். ஈரம் தங்காது, களையும் குறையும், நீல நிறத்துக்குப் பின்னணியாகவும் கல்தான் அழகு.

வெட்டலாமா என்ற கேள்விக்கு, ஒட்ட வெட்டக் கூடாது. கோடையில் வளர்ந்து குளிரில் முழுக்கக் காய்ந்துவிடும் உயரமான அலங்காரப் புற்களை வசந்தத்தில் தரையோடு வெட்டுவது சரி. அதைப் பார்த்துப் பழகிய தோட்டவேலைக்காரர்கள் ஃபெஸ்கியூவையும் அப்படியே மொட்டையடித்துவிடுகிறார்கள். இது குளிரிலும் பாதி உயிரோடு இருக்கும் பசும்புல். வளரும் முனைகளும் சேமிப்பும் அடியிலேயே இருக்கின்றன. ஒட்ட வெட்டினால் பல சிம்புகள் திரும்ப வராது. ஏப்ரலில் பனி போனதும், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு விரல்களைத் தலைவாரும் வாக்கில் அடியிலிருந்து மேலாக இழுங்கள். காய்ந்த இலை ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், உயிருள்ளது நிற்கும். பெரும்பாலான வருடங்களில் இதுவே போதும். குளிரில் ரொம்ப அடிவாங்கியிருந்தால் மட்டும் மேலே மூன்றில் ஒரு பங்கைக் கத்தரிக்கலாம், எப்படியும் தரையிலிருந்து எட்டுப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல்.

கதிர்களை என்ன செய்வது? சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஜூன் மாதம் வரை பிடிக்கும், வைக்கோல் நிறம் வந்ததும் வெட்டிவிடுவேன். அழகுக்காக மட்டும் அல்ல. கதிரை விட்டால் விதை விழுந்து தாய்த்தூரின் நடுவிலேயே நாற்று முளைக்கும். அந்த நாற்றுகள் பெரும்பாலும் தாயைப்போல நீலமாக இருக்காது. பச்சையாக, இன்னும் வேகமாக வளரும். 'நான் வாங்கும்போது நீலம், இப்போது பச்சையாக மாறிவிட்டது' என்று சொல்கிறவர்களின் தூரைப் பிரித்துப் பார்த்தால் பல தடவை இதுதான் கதை. பழைய புல் மாறவில்லை. அது செத்து, அதன் இடத்தில் அதன் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன.

விதை எடுத்து வளர்க்கலாமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வளரும், ஆனால் ஒன்றுபோல் வராது. பெயருள்ள ரகங்கள் எல்லாம் பிரித்து நட்டே பெருக்கப்படுபவை. விதையில் ஓரளவு சீராக வரும்படி தேர்ந்தெடுத்த விதை ரகங்களும் கடையில் உண்டு. சட்டிக்கு விலை கொடுக்காமல் பெரிய இடத்தை நிரப்ப அவை உதவும். விதையை மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மூட வேண்டியதில்லை. வீட்டுக்குள் 18, 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். நாற்றில் நல்ல நீலமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள், இரக்கம் பார்த்தால் வரிசை முழுக்கப் பல நிறமாகிவிடும்.

இப்போது உங்கள் வழுக்கைத் தூர்களுக்கு வருவோம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே பாதிவரை நல்ல காலம். தவறவிட்டால் செப்டம்பர் முதல் இரண்டு வாரம். கோடை நடுவில் தொடாதீர்கள். மண் கையில் ஒட்டாமல் உதிரும் ஈரத்தில் இருக்கும்போது, முள்மண்வெட்டியால் தூரைச் சுற்றிக் குத்தி முழுசாகத் தூக்குங்கள். வேர் ஆழமில்லை, சுலபமாக வரும். மண்ணை உதறிவிட்டால் எங்கே உயிர் இருக்கிறது, எங்கே வெறும் காய்ந்த நார் என்று தெரிந்துவிடும். ஓரத்தைக் கையாலேயே பிரிக்கலாம். இறுகியிருந்தால் பல் வைத்த பழைய ரொட்டிக் கத்தி நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு துண்டும் சின்னக் கைப்பிடி அளவு சிம்போடும் வெள்ளை வேரோடும் இருக்க வேண்டும். ஆசையில் இரண்டு மூன்று சிம்பாகக் கிள்ளி நிறையக் கன்று உண்டாக்கப் பார்த்தால் பாதி பிழைக்காது. நடுப்பகுதியைத் தயங்காமல் உரக்குப்பையில் போடுங்கள். இலையைப் பாதியாகக் கத்தரித்து, 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில், கழுத்து மண்மட்டத்துக்கு ஒரு விரல் தடிப்பு மேலே இருக்கும்படி நடுங்கள். மூன்று, நான்கு வாரம் மண் முழுக்கக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும்.

செப்டம்பரில் நட்டால் ஒரு தொந்தரவு உண்டு. வேர் முழுக்க இறங்குவதற்குள் நிலம் உறைந்துவிட்டால், உறைவதும் உருகுவதுமாகக் களிமண் கன்றை மேலே தள்ளிவிடும். மார்ச், ஏப்ரலில் போய்ப் பார்த்தால் வேர் வெளியே தெரிய நிற்கும். காலால் மெதுவாக அழுத்தி, கொஞ்சம் மண் அணைத்துவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் வசந்தத்திலேயே செய்துவிடுவது நல்லது. இந்த வேலையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எல்லாத் தூரையும் ஒரே வருடம் பிரிக்காமல் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் வரிசை ஒருபோதும் முழுக்க மொட்டையாகத் தெரியாது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ரகப் பெயர் போட்ட சட்டியாக வாங்குங்கள். 'எலைஜா புளூ' எங்கும் கிடைக்கும், இலைக்குத்து 20, 25 சென்டிமீட்டர், சாதாரண நாற்றுகளைவிடக் கொஞ்சம் கூடுதல் காலம் உழைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. 'பிளாவ்ஃபுக்ஸ்' பழைய ஜெர்மன் ரகம், நல்ல ஆழமான நீலம். ஜெர்மன் பெயர்கள் இந்தப் புல்லில் அதிகம் தட்டுப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. போட்ஸ்டாம் அருகே போர்னிமில் நர்சரி நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டர் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டில் புற்களைப் பூச்செடிகளுக்குச் சமமாகத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், தேர்வு வேலை அங்கே நிறைய நடந்தது. 'பியாண்ட் புளூ' பிந்தைய ரகம். கோடை வெக்கையிலும் நிறம் மங்காமல் நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்தது, விலை கொஞ்சம் அதிகம். 'கோல்டன் டூப்பே' மஞ்சள் கலந்தது, எனக்கு அது எப்போதும் நோயாளிபோல்தான் தெரிகிறது. 'சிஸ்கியூ புளூ' வட அமெரிக்க ஐடஹோ ஃபெஸ்கியூவின் பெயரில் விற்கப்படுகிறது, கலப்பினமாக இருக்கலாம் என்று கருதுவோர் பலர். இலை நீளமாகச் சரிந்து விழும், அழகான புல்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும். ஃபெஸ்கியூ மாட்டுக்கு விஷம் என்று எங்கேயோ படித்தோம், வீட்டில் குழந்தையும் நாயும் இருக்கிறதே என்று. அந்தச் செய்தி உயர ஃபெஸ்கியூ என்ற மேய்ச்சல் புல்லைப் பற்றியது. 1931இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு மலைப் பண்ணையில் கண்டெடுத்து, 1943இல் வெளியிட்ட 'கென்டக்கி 31' ரகம் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. அதன் செல்களுக்கிடையே வாழும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் நச்சுதான், அதையே மேய்ந்து வாழும் மாடுகளையும் குதிரைகளையும் பாதிக்கிறது. உங்களுடையதுபோன்ற மெல்லிலை ஃபெஸ்கியூக்கள் சிலவற்றிலும் அதே குடும்பப் பூஞ்சை உண்டு. ஆனால் வாசலில் நிற்கும் அலங்காரத் தூரை உங்கள் நாய் எப்போதாவது கடிப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஊர் விஷயம். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எதிலும் இது நிற்காது. இரவிலும் இறங்காத சூடும் மழைக்கால ஈரமும் சேர்ந்து ஒரே பருவத்தில் முடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் வெப்பம் ஒத்துவரும், மழைதான் எதிரி. கூரை ஓரத்தில், சரளை கலந்த மண்சட்டியில் வைத்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் பெட்டியில் விதையோ கன்றோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்தியாவின் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நடவுப்பொருள் எதற்கும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். சமவெளியில் நீலச்சாயல் குத்துப்புல்தான் வேண்டுமென்றால் எலுமிச்சைப் புல்லை வையுங்கள். அவ்வளவு நீலம் வராது, உயரமும் அதிகம், ஆனால் வெயிலைத் தாங்கும், டீயில் போடவும் ஆகும்.